அடையாறுக்கு வந்த இத்தாலிப் பாட்டி



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி... இந்தப் பக்கங்களில் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் மாண்டிசோரி என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படும். உங்களில் சிலர் அப்படிப்பட்ட பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

மாண்டிசோரி என்றால் என்ன? ஊர்ப் பெயரா? பாடத்தின் பெயரா? இரண்டும் இல்லை. அது ஒரு பெண்மணியின் பெயர். இத்தாலி நாட்டைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அவர். அவர் எங்கோ தூர தேசத்தில் வாழ்ந்து மறைந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரத்தில் இருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அடையாறில் அவர் வாழ்ந்திருக்கிறார். நம் ஊர் ஓலைக் கொட்டகையில் பாடம் நடத்தியிருக்கிறார். அங்கேயே ஒரு கைதியைப் போலவும் இருந்திருக்கிறார்!

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

பிடிவாதக்காரப் பெண்

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசாங்க அலுவலர். அம்மா ரெனில்டே நிறையப் புத்தகம் படிப்பவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடிபோனது.

அந்தக் காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம், அவ்வளவுதான். மரியாவுக்கோ கணக்கு என்றால் உயிர். இன்ஜினீயர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டு, பையன்கள் படிக்கும் தொழிற்பள்ளியில் 13 வயதில் சேர்ந்தார். பிறகு மனம் மாறியது. டாக்டராக வேண்டும் என்றார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. கல்லூரியிலும் முதலில் இடம் கிடைக்கவில்லை. மரியா விட்டுக் கொடுக்கவில்லை. முதலில் இயற்கை அறிவியல் படித்துத் தேறி, அதன்பிறகு மருத்துவப் படிப்பில் நுழைந்தார்.

நுழைந்தபிறகும் கஷ்டம் தீரவில்லை. மனித உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் சேர்ந்து நிற்கக்கூடாது என்றார்கள். அதனால் எல்லா மாணவர்களும் போனபிறகு, பொழுது சாய்ந்த நேரத்தில், பிணங்கள் இருக்கும் அறையில் மரியா தனியாக நின்று படித்தார். பயமாக இருந்திருக்காதா? இருந்திருக்கும். ஆனாலும் படித்தார். 1896இல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

தரையில் கிடந்த ரொட்டித் துணுக்கு

டாக்டரான பிறகு மரியா ரோம் நகரத்து மனநல மருத்துவமனைகளுக்குப் போய்வந்தார். அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். கவனித்துக்கொண்ட பெண்மணி அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

மரியா வேறு மாதிரி யோசித்தார். இந்தக் குழந்தைகளுக்குப் பசியா? இல்லை. அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்து விளையாட ஒரு பொருள்கூட அங்கே இல்லை! தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, பிடித்துப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ரொட்டித் துணுக்கு மட்டும்தான். கைக்கு வேலை கொடுத்தால்தான் மூளை விழிக்கும் என்று மரியாவுக்குத் தோன்றியது.

அந்தக் குழந்தைகளுக்காக மரக்கட்டைகள், மணிகள், தொட்டுப் பார்க்கும் எழுத்துகள் என்று பலவற்றைச் செய்தார். ஒன்றும் வராது என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே தேறினார்கள்! ஊரே பாராட்டியது. மரியாவுக்கோ ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் குழந்தைகளே இவ்வளவு கற்கும்போது, நல்ல உடல்நலமுள்ள குழந்தைகள் பள்ளியில் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கிறார்கள்?

குழந்தைகள் வீடு

அந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு வாய்ப்பு வந்தது. ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் வாழ்ந்த பகுதி. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, சின்னப் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரை அடிக்கடி வெள்ளையடிப்பதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது லாபம் என்று கட்டடக்காரர்கள் நினைத்தார்கள். மரியாவைக் கூப்பிட்டார்கள்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி அந்த இடம் திறக்கப்பட்டது. அதன் பெயர் குழந்தைகள் வீடு. ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு, சிலர் பயந்துகொண்டு.

அங்கே மரியா கண்ட காட்சிகள் வேடிக்கையானவை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவு மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினாள். மரியா எண்ண ஆரம்பித்தார். மற்றக் குழந்தைகளைச் சுற்றி வந்து பாடச் சொன்னார். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்! மொத்தம் 44 தடவை செய்தபிறகு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போலச் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். சின்னக் குழந்தைகளுக்குக் கவனமே நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை என்று மரியா புரிந்துகொண்டார். பிடித்த வேலை கிடைத்தால் கவனம் தானாக நிற்கும்.

இன்னொரு நாள் ஆசிரியை தாமதமாக வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். உள்ளே வந்து பார்த்தால், குழந்தைகள் ஆளுக்கொரு பொருளை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. மரியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. எது வேண்டும் என்று குழந்தைகளுக்கே தெரிகிறது என்றார். உயரமான அலமாரி போய், குழந்தைகளின் கைக்கு எட்டும் திறந்த அலமாரிகள் வந்தன. குட்டி மேஜை, குட்டி நாற்காலிகளும் வந்தன. இன்று உங்கள் தம்பி தங்கைகளின் எல்.கே.ஜி. வகுப்பில் இருக்கும் குட்டி நாற்காலிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

விரல் கற்ற எழுத்து

மரியா உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் அந்தச் சொரசொரப்பின் மேல் விரலை ஓட்டி, எழுத்தின் ஒலியைச் சொன்னார்கள். பல வாரம் இப்படி நடந்தது. ஒரு நாள் மொட்டை மாடியில், புகைபோக்கியை வரைந்துகொண்டிருந்த ஒரு சிறுவன் திடீரென்று சாக்பீசால் அதன் பெயரையே எழுதிவிட்டான். யாரும் அவனுக்கு எழுதச் சொல்லித் தரவில்லை. அவனுக்கே ஆச்சரியம்! தன்னால் எழுத முடிகிறது என்று கத்தினான். மற்றவர்களும் சாக்பீஸ் கேட்டு ஓடிவந்து எழுதத் தொடங்கினார்கள்.

இது நமக்குப் புதிதல்ல, குழந்தைகளே. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் பிள்ளைகள் அகரம் கற்றார்கள். விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் உங்கள் விரலைப் பிடித்து எழுத வைத்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? கண் பார்ப்பதை விரலும் கற்றுக்கொள்கிறது. அதுதான் விஷயம்.

கணக்குக்கும் மரியாவின் கையில் வழி இருந்தது. ஒன்று என்றால் ஒரு மணி. பத்து என்றால் கம்பியில் கோத்த பத்து மணி. நூறு என்றால் பத்துக் கம்பிகளைச் சேர்த்த சதுரம். ஆயிரம் என்றால் பத்துச் சதுரங்களை அடுக்கிய கட்டி. ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்தாலே அது கனக்கும்! எண்ணைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த குழந்தைக்கும், கையில் எடை பார்த்த குழந்தைக்கும் வித்தியாசம் இருக்குமல்லவா?

நாடு விட்டு நாடு

சில ஆண்டுகளுக்குள் மரியாவின் பெயர் உலகமெங்கும் பரவியது. பல நாடுகளில் மாண்டிசோரி பள்ளிகள் தோன்றின. நாட்குறிப்பு எழுதி உலகப் புகழ்பெற்ற ஆன் பிராங்க் என்ற சிறுமி, ஆம்ஸ்டர்டாம் நகரில் படித்ததும் ஒரு மாண்டிசோரி பள்ளியில்தான்.

ஆனால் நிம்மதி நிலைக்கவில்லை. இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி ஆட்சி நடந்தது. முதலில் அவர் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தார். போகப்போக, குழந்தைகள் சொன்னதைச் செய்யும் குட்டிச் சிப்பாய்களாக வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. தானாகச் சிந்திக்கும் குழந்தையை வளர்க்கும் மரியாவுக்கு அது ஒத்துவரவில்லை. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியும் அவருடைய பள்ளிகளை மூடியது. அவர் ஸ்பெயினில் வாழ்ந்தபோது 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறித் தப்பினார். பிறகு நெதர்லாந்து நாட்டில் தங்கினார். வயது 66.

அடையாறில் ஓலைக் கொட்டகை

அடையாறு ஆற்றின் கரையில் பிரம்மஞான சபை இருக்கிறது. அங்கேதான் புகழ்பெற்ற பெரிய ஆலமரம். 1989இல் தாய்மரம் சாய்ந்துவிட்டாலும் விழுதுகள் ஊன்றி நிற்கின்றன. அந்தச் சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும், அவர் மனைவியும் கலாக்ஷேத்ராவை நிறுவியவருமான ருக்மிணி தேவியும் மரியாவை இந்தியாவுக்கு அழைத்தார்கள். 1939 நவம்பரில் மரியா சென்னைக்கு வந்தார். அப்போது வயது 69. கூடவே மகன் மரியோ.

இந்தியாவின் பல பகுதிகளில் இருந்து ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

1940 ஜூன் மாதம் எல்லாம் தலைகீழானது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் பக்கம் இத்தாலி சேர்ந்துகொண்டது. இந்தியாவை அப்போது ஆண்டது பிரிட்டன். ஆகவே இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள்! முசோலினிக்குப் பிடிக்காமல் போன மரியாவும், முசோலினியின் நாட்டில் பிறந்ததால் எதிரி ஆனார். என்ன விந்தை பாருங்கள்.

மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். வயதானவர் என்பதால் மரியாவை முகாமுக்கு அனுப்பவில்லை. பிரம்மஞான சபையின் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள்.

இந்தப் பிரிவு ஏன் அவரை அவ்வளவு வாட்டியது தெரியுமா? மரியோ பிறந்தது 1898இல். அப்போதைய சூழ்நிலையில் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள மரியாவால் முடியவில்லை. கிராமத்தில் ஒரு குடும்பம் அவனை வளர்த்தது. உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வழி கண்டுபிடித்தவர், தன் குழந்தையை எப்போதாவதுதான் பார்க்க முடிந்தது. ஏறத்தாழ 15 வயதில்தான் மரியோ அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் வெளியாரிடம் அண்ணன் மகன், தத்துப் பிள்ளை என்றெல்லாம்தான் சொல்லி வந்தார்கள். அப்படிக் கிடைத்த மகனைத்தான் மறுபடியும் பிரித்துவிட்டார்கள். மொழி தெரியாத ஊரில், பேச்சைப் பெயர்த்துச் சொல்லவும் ஆளில்லாமல், 69 வயதில் மரியா தனியாக நின்றார்.

பிறந்தநாள் பரிசு

1940 ஆகஸ்ட் 31. மரியாவுக்கு 70ஆவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்து, உங்கள் மகனையே திருப்பித் தருகிறோம் என்ற செய்தி அதில் இருந்தது. மரியோ விடுதலையானார்! அந்தத் தந்தியில் இன்னொரு பரிசும் ஒளிந்திருந்தது. மரியோவை மரியாவின் மகன் என்றே அது வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

போர் முடியும்வரை அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. மரியா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அடையாறு, அகமதாபாத், ஸ்ரீநகர், கராச்சி, கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியையின் துணையோடு பல வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது. மலையில் கிடைத்த செடி, இலை, பூச்சி, தவளை, கல் எல்லாமே பாடம். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, இது ஏன், அது எப்படி என்று உலகம் முழுவதையும் கேட்கிறது. அதற்குப் பதிலாக வானம், பூமி, உயிர்கள், மனிதர்கள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று கதையாகச் சொல்லும் பாடமுறையை மரியாவும் மரியோவும் அங்கேதான் வளர்த்தார்கள். உலகின் பல மாண்டிசோரி பள்ளிகளில் அது இன்றும் நடக்கிறது. கொடைக்கானல் மலையில் முளைத்த பாடம் அது!

1946இல் மரியா ஐரோப்பா போனார். 1947இல் திரும்பவும் இந்தியா வந்தார். உலக அமைதிக்குக் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்ன அவர் பெயர், 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 81 வயதிலும் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி தரலாமா என்று மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். 1952 மே 6ஆம் தேதி, நெதர்லாந்தில் ஒரு கடற்கரை ஊரில் காலமானார்.

1970இல் நம் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இத்தாலியும் பின்னாளில் தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

பலகை மட்டும் போதுமா?

ஒரு விஷயம் சொல்லட்டுமா? மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பலகையை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே அலமாரி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, வேலையைக் குழந்தையே தேர்ந்தெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலகையே இல்லாமலும் அந்த எண்ணம் நம் பள்ளிகளுக்குள் வந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். அவர்கள் எழுதத் தாழ்வான கரும்பலகை வந்தது. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் தொடங்கியது. ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் அதில் உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒன்று: உப்புத்தாளில் அ, ஆ, இ என்று வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். கத்தரிக்கோல் பிடிக்கப் பெரியவர்கள் உதவட்டும். வீட்டில் இருக்கும் குட்டித் தம்பி, தங்கையின் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். எழுத்தின் ஒலியையும் சொல்லுங்கள்.

இரண்டு: மாண்டிசோரி பள்ளிகளில் மௌன விளையாட்டு உண்டு. வீட்டில் எல்லாரும் கண்ணை மூடி இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். பிறகு, கேட்ட ஒலிகளை ஒவ்வொருவரும் எழுதுங்கள். காகம், குக்கர் விசில், தூரத்தில் மின்சார ரயில், தலைக்குமேல் மீனம்பாக்கம் விமானம்... யார் பட்டியல் நீளம்?

மூன்று: இது கொஞ்சம் கஷ்டம். உங்கள் தம்பியோ தங்கையோ ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டவோ, பொத்தான் போடவோ திணறினால் உடனே பிடுங்கிச் செய்துவிடாதீர்கள். அஞ்சு நிமிஷம் முன்னாலேயே கிளம்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். தானே போட்டு முடித்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். மொட்டை மாடியில் சாக்பீசோடு நின்ற அந்த ரோம் சிறுவனின் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.